ஓட்டு திரும்பியது, துப்பாக்கி திரும்பியதா?

போன இதழில், அமெரிக்காவில் ஃபெலனி, அதாவது பொதுவாக ஒரு வருடத்துக்கு மேல் சிறை கிடைக்கக்கூடிய பெரிய குற்றத்தில், தண்டனை பெற்றவர்களுக்கு ஓட்டுரிமை எப்படித் திரும்புகிறது என்று எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் ஓட்டைப் பற்றிக் கேட்டவர்கள் குறைவு, அதே தண்டனையால் போகும் துப்பாக்கி உரிமையைப் பற்றிக் கேட்டவர்கள்தான் அதிகம். எல்லாரும் அங்கேயே குடும்பத்தோடு இருப்பவர்கள். சிலர் இத்தனை வருடமாக யாரிடமும் சொல்லாத கேஸை இந்தப் பத்திக்குத்தான் முதலில் எழுதியிருக்கிறார்கள், அதனால் ஊர், பெயர், அடையாளம் காட்டும் எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன். நான் சொல்வது பொது விளக்கம். உங்கள் கேஸ் ஃபைலைக் கையில் வைத்துப் படித்த வக்கீல் வேறு மாதிரி சொன்னால் அவர் சொல்வதைக் கேளுங்கள்.

கேள்வி: சார், 2009-ல் வர்ஜீனியாவில் நான் வேலை பார்த்த கடையில் பொருள் எடுத்ததாக கிராண்ட் லார்சனி (பெரிய திருட்டு) கேஸ் ஆனது. புரொபேஷன்தான் (சிறைக்குப் பதில் மேற்பார்வை), ஒரு நாள்கூட உள்ளே இருக்கவில்லை. போன வருடம் கவர்னரிடமிருந்து என் உரிமைகள் திரும்பியதாகக் கடிதம் வந்தது, ஓட்டும் போட்டுவிட்டேன். ஆபீஸ் நண்பர்கள் மான் வேட்டைக்குக் கூப்பிடுகிறார்கள். ஒரு ரைஃபிள் வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள். நண்பரிடம் இரவல் வாங்கி ஒரு மணி நேரம் தோளில் மாட்டிக்கொள்வதும் வேண்டாம். கவர்னரின் கடிதத்தை மறுபடி எடுத்துக் கடைசி வரி வரை படியுங்கள். அவர் திருப்பித் தந்தது ஓட்டுப் போடுவது, ஜூரியில் உட்காருவது, தேர்தலில் நிற்பது, நோட்டரி ஆவது, இவ்வளவுதான். துப்பாக்கி வைத்துக்கொள்ளும் உரிமை இதில் சேராது என்று அந்தக் கடிதமே சொல்லும். மேலே இருக்கும் வாழ்த்தைப் படித்துவிட்டுக் கடிதத்தை ஃபிரேம் போட்டு மாட்டிவிடுகிறார்கள், கீழே இருக்கும் அந்த வரியை யாரும் படிப்பதில்லை.

ஆனால் கடிதம் வீண் இல்லை. வர்ஜீனியாவில் துப்பாக்கி உரிமையைத் திருப்பித் தருவது சர்க்யூட் நீதிமன்றம் (மாநிலத்தின் விசாரணை நீதிமன்றம்), அங்கே மனுப் போடவே முதலில் கவர்னரிடமிருந்து குடிமை உரிமைகள் திரும்பியிருக்க வேண்டும். ஆக முதல் படியைத் தாண்டிவிட்டீர்கள். இப்போது நீங்கள் குடியிருக்கும் இடத்தின் சர்க்யூட் நீதிமன்றத்தில் மனு போட வேண்டும், அதன் நகல் அரசுத் தரப்பு வக்கீலுக்கும் போக வேண்டும். அவர் ஆட்சேபிக்கலாம், பேசாமலும் விடலாம். இரண்டு பேரில் யார் கேட்டாலும் விசாரணை உண்டு. தகுந்த காரணம் இருக்கிறதென்று நீதிபதிக்குப் பட்டால் தருவார், படாவிட்டால் தரமாட்டார், சட்டம் முழுக்க அவர் விருப்பத்துக்கு விட்டிருக்கிறது. அதனால் வெறும் மனுவோடு போகாதீர்கள். பழைய தீர்ப்பின் சான்றிட்ட நகல், புரொபேஷன் முடிந்ததற்கான காகிதம், நஷ்டஈடு கட்டச் சொல்லியிருந்தால் கட்டிய ரசீது, இப்போது வேலை செய்யும் இடத்திலிருந்து ஒரு கடிதம், இவற்றைக் கொண்டுபோங்கள். எதற்கு வேண்டும் என்று நீதிபதி கேட்டால் 'என் உரிமை' என்று மார்தட்டுவதைவிட 'வேட்டைக்கு, இந்த நண்பர்களோடு, இந்த சீசனுக்கு' என்று இருப்பதைச் சொல்வது நல்லது.

உங்கள் கேஸில் எனக்கு வருத்தம் தரும் விஷயம் ஒன்று. 2009-ல் வர்ஜீனியாவில் 200 டாலர் பொருள் திருடினாலே ஃபெலனி. 2018-ல்தான் அதை 500 ஆக்கினார்கள், 2020-ல் 1000 ஆக்கினார்கள். நீங்கள் எடுத்ததாகச் சொன்ன பொருள் எவ்வளவு பெறும் என்று எழுதவில்லை, ஆனால் இன்றைக்கு அதே செயல் மிஸ்டிமீனராக, அதாவது சின்னக் குற்றமாகப் போயிருக்க நிறைய வாய்ப்பு உண்டு. சட்டம் மாறியதால் பழைய தீர்ப்பு தானாக மாறாது. மனுவில் இதை ஒரு வரி குறிப்பிடச் சொல்லுங்கள் உங்கள் வக்கீலிடம்.

கடையில் போய் 'முயற்சி செய்து பார்ப்போம், கூடாது என்றால் அவர்களே சொல்வார்கள்' என்று மட்டும் நினைக்காதீர்கள். லைசன்ஸ் உள்ள எந்தக் கடையிலும் 4473 என்ற படிவத்தைக் கையில் கொடுப்பார்கள். அதில் ஒரு கேள்வி: ஃபெலனியிலோ, நீதிபதி ஒரு வருடத்துக்கு மேல் சிறை கொடுத்திருக்கக்கூடிய வேறு குற்றத்திலோ தண்டிக்கப்பட்டிருக்கிறீர்களா, குறைந்த தண்டனையோ புரொபேஷனோ கிடைத்திருந்தாலும் சரி? பேனாவோடு நின்றுகொண்டு 'நான்தான் ஜெயிலுக்கே போகவில்லையே' என்று இல்லை பெட்டியில் டிக் அடிப்பவர்கள் இருக்கிறார்கள். எவ்வளவு கிடைத்தது என்பது கேள்வி இல்லை, எவ்வளவு கிடைத்திருக்கலாம் என்பதுதான் கேள்வி. தெரிந்தே பொய் எழுதினால் அது தனியாக இன்னொரு ஃபெடரல் (மத்திய அரசுச் சட்டப்படியான) ஃபெலனி. நீதிமன்ற உத்தரவு வரும்வரை வேட்டைக்குப் போக ரொம்ப ஆசை என்றால் வில் அம்பு சீசன் இருக்கிறது. ஃபெடரல் சட்டத்தில் வில் துப்பாக்கி ஆகாது.

கேள்வி: டெக்சஸில் எனக்குப் பழைய ஃபெலனி உண்டு. தண்டனை முடிந்து எட்டு வருடம் ஆகிறது. ஐந்து வருடம் தாண்டினால் வீட்டுக்குள் துப்பாக்கி வைத்துக்கொள்ளலாம் என்று டெக்சஸ் சட்டமே சொல்கிறது என்கிறான் மச்சான். என் மனைவி பெயரில் ஒரு கைத்துப்பாக்கி வாங்கி, படுக்கையறை டிராயரில் வைத்திருக்கிறோம். பிரச்சினை இல்லையே?

பதில்: உங்கள் மச்சான் சொன்ன டெக்சஸ் சட்டம் சரிதான். சிறையிலிருந்தோ மேற்பார்வையிலிருந்தோ விடுபட்டு ஐந்து வருடம் ஆன பிறகு, தான் வசிக்கும் இடத்தில் மட்டும் வைத்துக்கொண்டால் டெக்சஸ் அதைக் குற்றமாகப் பார்க்காது. ஆனால் அது டெக்சஸ் போலீஸுக்கும் டெக்சஸ் நீதிமன்றத்துக்கும் உள்ள விஷயம். அதே டிராயரை ஃபெடரல் சட்டமும் பார்க்கிறது. ஒரு வருடத்துக்கு மேல் சிறை கிடைக்கக்கூடிய குற்றத்தில் தண்டிக்கப்பட்டவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கக் கூடாது என்பது அந்தச் சட்டம். ஐந்து வருடம், பத்து வருடம் என்றெல்லாம் அதில் கணக்கே கிடையாது. முன்பு அதிகபட்சம் 10 வருடச் சிறை, 2022-ல் 15 ஆக்கிவிட்டார்கள்.

மாநிலம் தருவதை ஃபெடரல் சட்டம் மதிக்காமல் இல்லை. தண்டனை ரத்தானாலோ, அழிக்கப்பட்டாலோ, பொதுமன்னிப்பு கிடைத்தாலோ, குடிமை உரிமைகள் திரும்பினாலோ அந்தத் தண்டனையைக் கணக்கில் எடுப்பதில்லை என்று அந்தச் சட்டத்திலேயே இருக்கிறது. கூடவே ஒரு 'ஆனால்' உண்டு: திருப்பித் தரும்போது துப்பாக்கிக்கு ஏதாவது தடை போட்டிருந்தால் இந்தச் சலுகை கிடையாது. அந்த 'ஆனால்' எவ்வளவு தூரம் போகும் என்பதை 1998-ல் கேரன் என்பவர் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. மசாசூசெட்ஸ் மாநிலம் அவருக்கு ரைஃபிளும் ஷாட்கன்னும் வைத்துக்கொள்ள அனுமதித்திருந்தது, கைத்துப்பாக்கிக்கு மட்டும் வீட்டுக்கும் கடைக்கும் வெளியே தடை. அவர் பிடிபட்டது எதோடு தெரியுமா? மாநிலம் அனுமதித்த அதே ரைஃபிள், ஷாட்கன்களோடுதான். ஒரு வகைக்குத் தடை இருந்தாலும் ஃபெடரல் பார்வையில் எல்லா வகைக்கும் தடை என்று தீர்ப்பு. முழுசாகத் திரும்பினால் உண்டு, முக்கால்வாசி திரும்பினால் இல்லை. டெக்சஸின் 'வீட்டுக்குள் மட்டும்' என்பது முக்கால்வாசிகூட இல்லை.

இப்போது மனைவியின் துப்பாக்கிக்கு வருவோம். உங்கள் தண்டனை அவருடைய உரிமையைப் பறிக்காது, அவர் தாராளமாக வைத்திருக்கலாம். சிக்கல் டிராயரில் இருக்கிறது. ஃபெடரல் வழக்குகளில் 'வைத்திருப்பது' என்றால் இடுப்பில் செருகியிருப்பது மட்டும் கிடையாது, அது எங்கே இருக்கிறதென்று தெரிந்து, நினைத்தால் எடுக்கவும் முடியும் என்றால் வைத்திருப்பதாக வாதாடலாம். நீங்கள் இருவரும் தூங்கும் அறை, பூட்டில்லாத டிராயர், ஒரு பக்கம் உங்கள் மூக்குக்கண்ணாடி, இன்னொரு பக்கம் துப்பாக்கி. அரசு வக்கீலுக்கு வேறென்ன வேண்டும்? இன்றைக்கே அதை வீட்டை விட்டு வெளியே, மனைவியின் சொந்தக்காரர் யாரிடமாவது கொடுத்துவைப்பது உத்தமம். வீட்டில்தான் வேண்டும் என்று அவர் நினைத்தால் அவருக்கு மட்டும் எண் தெரிந்த பெட்டகத்தில் இருக்கட்டும், தோட்டாவும் அதே பெட்டகத்தில். எண் உங்களுக்குத் தெரியக் கூடாது. திருமண நாளை எண்ணாக வைத்தால் அது தெரியாத எண் ஆகாது.

'மனைவி பெயரில் வாங்கி' என்று எழுதியிருக்கிறீர்கள். அவருக்காக அவர் வாங்கினாரா, உங்களுக்காக அவர் பெயரில் வாங்கினீர்களா என்பது கடிதத்தில் தெளிவாக இல்லை. இரண்டாவது என்றால் இந்தப் பத்திக்கு இனி எதுவும் எழுத வேண்டாம், நேராக ஒரு கிரிமினல் வக்கீலிடம் இருவரும் தனித்தனியாகப் பேசுங்கள். வாங்கக் கூடாதவருக்காக இன்னொருவர் வாங்கிக் கொடுப்பதற்கென்றே 2022-ல் தனிச் சட்டம் வந்தது, அதிலும் 15 வருடம் வரை போகும். மச்சானிடம் சட்டம் கேட்பதை இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்.

கேள்வி: என்னுடையது ஃபெடரல் கேஸ், வயர் ஃபிராடு (ஃபோன், இன்டர்நெட் வழி மோசடி). நான் இருக்கும் மாநிலம் எல்லா உரிமையையும் திருப்பிக் கொடுத்துவிட்டது. அது போதுமா?

பதில்: போதாது. 1994-ல் பீச்சம் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக முடித்துவிட்டது: எந்த அரசு தண்டித்ததோ அந்த அரசின் சட்டப்படிதான் தண்டனையின் விளைவு நீங்க வேண்டும். ஃபெடரல் நீதிமன்றம் தண்டித்ததை மாநிலம் துடைக்க முடியாது. அதே போல மாநிலத் தண்டனைக்கு ஜனாதிபதி மன்னிப்புக் கொடுக்க முடியாது. யாராவது என்னிடம் இந்த விஷயத்தில் ஆலோசனை கேட்டால் நான் திருப்பிக் கேட்கும் முதல் கேள்வி 'என்ன குற்றம்' என்பது இல்லை, 'தீர்ப்பின் தலைப்பில் எந்த நீதிமன்றம் என்று இருக்கிறது' என்பதுதான்.

வணிகக் குற்றத்துக்கு விலக்கு உண்டாமே என்று நினைக்கலாம். உண்டு, ஆனால் ஆன்டிடிரஸ்ட் (வணிகப் போட்டியை முடக்குவது), நியாயமற்ற வணிக முறை, வணிகத் தடை மாதிரியானவற்றுக்குத்தான். வயர் ஃபிராடை அதற்குள் நுழைக்கப் பார்த்தவர்கள் பொதுவாகத் தோற்றிருக்கிறார்கள்.

உங்களுக்கு இருக்கும் நிச்சயமான வழி ஜனாதிபதியின் மன்னிப்பு. விடுதலையாகி ஐந்து வருடம், சிறைத் தண்டனை இல்லையென்றால் தீர்ப்பிலிருந்து ஐந்து வருடம் கழித்துத்தான் விண்ணப்பிக்கலாம் என்பது ஃபெடரல் அரசின் நீதித்துறை (ஜஸ்டிஸ் டிபார்ட்மென்ட்) விதி. எப்போது பதில் வரும் என்று யாரும் சொல்ல முடியாது.

இன்னொரு வழியும் சட்டத்தில் இருக்கிறது. அதன் கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இவ்வளவு வினோதமான சட்டப் பிரிவை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. பொதுப் பாதுகாப்புக்கு ஆபத்தில்லாதவர் என்று காட்டினால் ஃபெடரல் அரசே தடையை நீக்கலாம் என்ற ஏற்பாடு 1965-ல் வந்தது. யாருக்காக? வின்செஸ்டர் துப்பாக்கி செய்யும் நிறுவனத்தின் தாய்க் கம்பெனி ஒரு ஃபெலனியில் மாட்டிக்கொண்டது, கம்பெனியும் சட்டப்படி 'ஆள்'தான் என்பதால் துப்பாக்கிக் கம்பெனியே துப்பாக்கியைத் தொட முடியாத நிலை. அதற்காகத் திறந்த கதவு பிறகு சாதாரண மனிதர்களுக்கும் பயன்பட்டது. மதுபானம், புகையிலை, துப்பாக்கிகளைக் கவனிக்கும் ஏடிஎஃப் அமைப்புதான் ஒவ்வொரு விண்ணப்பத்தையும் விசாரித்து முடிவு சொல்லும். 1992-ல் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் ஒரு வேலை செய்தது. சட்டத்தை நீக்கவில்லை, தனிமனிதர்களின் விண்ணப்பத்தைப் பார்க்க ஏடிஎஃப் ஒரு காசும் செலவழிக்கக் கூடாது என்று பட்ஜெட்டில் ஒரு வரி சேர்த்தது. வருடா வருடம் அந்த வரி திரும்பத் திரும்ப வந்தது. உரிமை புத்தகத்தில் இருக்கும், விண்ணப்பம் போட்டால் பிரிக்காமல் திருப்பி அனுப்புவார்கள். கம்பெனிகளுக்கு மட்டும் பிறகு விலக்குக் கொடுத்துவிட்டார்கள், அது வேறு எரிச்சல்.

டெக்சஸில் துப்பாக்கிக் கடை வைத்திருந்த பீன் என்பவர் எல்லை தாண்டி மெக்சிகோவுக்குச் சாப்பிடப் போனார், வண்டியில் தோட்டாப் பெட்டி ஒன்று இருந்தது, அங்கே ஃபெலனி ஆகிவிட்டது. ஏடிஎஃப் விண்ணப்பத்தைப் பார்க்காததால் நீதிமன்றம் போனார். 2002-ல் உச்ச நீதிமன்றம் என்ன சொன்னது தெரியுமா? 'ஏடிஎஃப் மறுத்தால் நீதிமன்றம் வரலாம், அவர்கள் மறுக்கவில்லையே, பார்க்கத்தானே இல்லை.' ஒரு நீதிபதிகூட மாற்றுத் தீர்ப்பு எழுதவில்லை.

இந்தக் கதவுதான் 2025-ல் அசைந்தது. பணத் தடை ஏடிஎஃப்புக்குத்தானே என்று அந்த ஆண்டு மார்ச்சில் நீதித்துறை அதிகாரத்தை ஏடிஎஃப்பிடமிருந்து எடுத்து அதன் தலைவரான அட்டர்னி ஜெனரலிடமே வைத்துக்கொண்டது, வேலையை, மன்னிப்பு விண்ணப்பங்களைக் கவனிக்கும் பார்டன் அட்டர்னி அலுவலகத்திடம் கொடுத்தது. ஏப்ரலில் பத்துப் பேருக்கு உரிமை திரும்பியது, நடிகர் மெல் கிப்சனும் அதில் ஒருவர். ஜூலையில் எல்லாரும் விண்ணப்பிப்பதற்கான விதிகளின் வரைவு வெளியானது. வன்முறைக் குற்றங்கள், பாலியல் குற்றப் பதிவேட்டில் இருப்பவர்கள், சட்டவிரோதமாகத் தங்கியிருப்பவர்கள், இவர்களுக்கெல்லாம் பொதுவாகக் கிடைக்காது என்பது அந்த வரைவின் போக்கு. பணம் சார்ந்த பழைய கேஸ், அதற்குப் பிறகு ஒரு குறையும் இல்லை என்கிற உங்களைப் போன்றவர்களுக்குத்தான் இது அதிகம் பயன்படும். பார்டன் அட்டர்னி அலுவலகத்தின் அதிகாரபூர்வப் பக்கத்தில் இன்றைய நிலை என்ன, படிவம் என்ன என்று நேரடியாகப் பாருங்கள். 'சீக்கிரம் வாங்கித் தருகிறோம்' என்று முன்பணம் கேட்கும் ஆட்கள் இந்த மாதிரி நேரத்தில்தான் முளைப்பார்கள்.

கேள்வி: நான் பென்சில்வேனியா. என்னுடையது ஃபெலனியே இல்லை, மிஸ்டிமீனர். புரொபேஷனோடு முடிந்தது. கடையில் பேக்ரவுண்ட் செக்கில் மறுத்துவிட்டார்கள். எப்படி?

பதில்: பெயரை விட்டுவிட்டு அந்தக் குற்றத்துக்குச் சட்டத்தில் உச்சபட்சம் எத்தனை வருடம் என்று பாருங்கள். மாநிலம் மிஸ்டிமீனர் என்று அழைக்கும் குற்றத்துக்கு உச்சபட்சம் இரண்டு வருடமோ அதற்குக் குறைவோ என்றால் ஃபெடரல் தடை இல்லை. இரண்டைத் தாண்டினால் தடை. பென்சில்வேனியாவில் முதல் நிலை மிஸ்டிமீனருக்கு ஐந்து வருடம் வரை உண்டு. அங்கேதான் பலர் விழுகிறார்கள்.

பிரையன் ரேஞ்ச் என்பவர் கதையும் இதேதான், உங்கள் மாநிலத்துக்காரர். 1995-ல் குடும்பத்தின் வருமானத்தைச் சரியாகக் காட்டாமல் ஃபுட் ஸ்டாம்ப் (ஏழைகளுக்கான அரசு உணவு உதவி) வாங்கியதற்குக் குற்றத்தை ஒப்புக்கொண்டார், திருப்பிக் கட்டியது 2,458 டாலர், புரொபேஷன். சில வருடம் கழித்துத் துப்பாக்கி வாங்கப் போனபோதுதான் சிக்கல் தெரிந்தது. அவர் செய்த புத்திசாலித்தனம், தடை இருப்பது தெரிந்ததும் வீட்டிலிருந்த வேட்டை ரைஃபிளை விற்றுவிட்டு, பிறகு அரசின் மேல் சிவில் வழக்குப் போட்டது. மூன்றாவது சர்க்யூட் என்ற ஃபெடரல் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2023-லும், உச்ச நீதிமன்றம் திருப்பி அனுப்பிய பிறகு 2024 டிசம்பரில் மறுபடியும், இவரை வாழ்நாள் முழுக்கத் தடுப்பது அரசியலமைப்புக்கு விரோதம் என்றது.

இதைப் படித்துவிட்டு 'வன்முறை இல்லாத குற்றம் என்றால் இப்போது வாங்கலாம்' என்று பரப்புகிறார்கள். அப்படி இல்லை. தீர்ப்பு ரேஞ்சுக்குக் கிடைத்தது. மூன்றாவது சர்க்யூட் என்பது பென்சில்வேனியா, நியூ ஜெர்சி, டெலவேர், கூடவே வர்ஜின் தீவுகள். அங்கே இருப்பவர்களுக்கு வாதாட நல்ல பிடி, அவ்வளவுதான். கலிஃபோர்னியா பக்கம் ஒன்பதாவது சர்க்யூட் 2025 மே மாதம் நேர் எதிராக, வன்முறை இல்லாத ஃபெலனி ஆனாலும் தடை செல்லும் என்று சொல்லிவிட்டது. கையில் துப்பாக்கியோடு பிடிபட்டு, பிறகு ரேஞ்ச் தீர்ப்பைக் காட்டுவது ஒரு விதம். வெறும் கையோடு வழக்குப் போட்டு, உத்தரவு வாங்கி, அப்புறம் கடைக்குப் போவது இன்னொரு விதம். முதலாவதில் தோற்றால் சிறை, இரண்டாவதில் தோற்றால் வக்கீல் ஃபீஸ்.

கேள்வி: கலிஃபோர்னியாவில் கேஸை எக்ஸ்பஞ்ச் (பதிவிலிருந்து நீக்குதல்) செய்தாகிவிட்டது. உரிமை தானாக வந்துவிடும் இல்லையா?

பதில்: வராது. அங்கே எல்லாரும் எக்ஸ்பஞ்ச் என்று சொல்வது 1203.4 பிரிவு. வேலை தேடும்போது அது உதவும், துப்பாக்கிக்கு உதவாது என்று அந்தப் பிரிவிலேயே எழுதியிருக்கிறது. உங்கள் குற்றம் ஃபெலனியாகவும் மிஸ்டிமீனராகவும் போடக்கூடிய வகையா என்று பாருங்கள், வக்கீல்கள் வாப்ளர் என்பார்கள். அப்படியானால் 17(பி) பிரிவில் நீதிபதியிடம் கேட்டு மிஸ்டிமீனராகக் குறைத்துக்கொள்ளலாம், அது உண்மையிலேயே பலன் தரும். ஆனால் சில மிஸ்டிமீனர்களுக்குக் கலிஃபோர்னியாவே பத்து வருடத் தடை வைத்திருக்கிறது, அதையும் சரிபார்க்க வேண்டும். நேரடி ஃபெலனி என்றால் திருந்தியதற்கான சான்றிதழ், அதன் வழியாகக் கவர்னர் மன்னிப்பு என்று நீண்ட பாதை. குற்றத்தில் ஆபத்தான ஆயுதம் இருந்திருந்தால் மன்னிப்பு வந்தாலும் துப்பாக்கி வராது.

கேள்வி: பல வருடம் முன்பு இந்தியாவில் ஒரு அடிதடி வழக்கில் எனக்கு இரண்டு வருடத் தண்டனை ஆனது. இப்போது ஹெச்-1பி-யில் அமெரிக்காவில் இருக்கிறேன். இது எனக்குப் பொருந்துமா?

பதில்: தண்டனைத் தடை பொருந்தாது, விசா தடை பொருந்தும். ஜப்பானில் தண்டிக்கப்பட்ட ஸ்மால் என்பவர் வழக்கில் 2005-ல் உச்ச நீதிமன்றம், 'எந்த நீதிமன்றத்திலும்' என்று சட்டத்தில் இருப்பது அமெரிக்க நீதிமன்றங்களை மட்டும்தான் குறிக்கும் என்றது. (மேலே சொன்ன பீனை நினைத்துப் பாருங்கள், மூன்று வருடம் முன்பே இது வந்திருந்தால் மெக்சிகோ தண்டனைக்காக அவர் அலைந்திருக்கவே வேண்டாம்.) ஆனால் ஹெச்-1பி, எஃப்-1 மாதிரி தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கி வைத்திருப்பதற்கே ஃபெடரல் தடை உண்டு. செல்லுபடியாகும் வேட்டை லைசன்ஸ் இருப்பவர்களுக்கு ஒரு விலக்கு இருக்கிறது, கிரீன் கார்டு வந்துவிட்டால் இந்தத் தடையே இல்லை. விலக்கு இருக்கிறதே என்று அவசரப்படாதீர்கள். துப்பாக்கி சம்பந்தமான ஒரு தண்டனை வந்தால் அதுவே நாடு கடத்தக் காரணம், கிரீன் கார்டு வைத்திருப்பவருக்கும் அப்படித்தான், மன்னிப்புக் கிடைத்தாலும் அந்தக் காரணம் தானாகப் போகாது. இந்தியத் தண்டனையைக் குடியேற்றப் படிவங்களில் மறைக்காமல் எழுதினீர்களா என்பதைத்தான் நீங்கள் முதலில் இமிகிரேஷன் வக்கீலிடம் பார்க்க வேண்டும், துப்பாக்கி ரொம்பப் பின்னால் வருகிறது.

கேள்வி: தம்பி அடுத்த மாதம் ஒரு ஃபெலனியில் குற்றத்தை ஒப்புக்கொள்ளப் போகிறான். அவனிடம் விலை உயர்ந்த துப்பாக்கிகள் சில இருக்கின்றன. அவற்றை நான் வாங்கி வைத்துக்கொள்ளட்டுமா? அவனுக்கு உரிமை திரும்பினால் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன்.

பதில்: தண்டனையால் அவர் துப்பாக்கியைத் தொட முடியாமல் போகுமே தவிர, அதன் மதிப்பு அவருக்கு இல்லாமல் போகாது. 2015-ல் ஹெண்டர்சன் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒருமனதாகச் சொன்னது இது. லைசன்ஸ் உள்ள டீலர் மூலம் விற்கலாம், தெரிந்தவருக்கும் மாற்றலாம், ஆனால் வாங்கியவர் அவர் சொற்படி ஆடமாட்டார், அவர் கைக்கு அது போகாது என்று நீதிமன்றம் நம்ப வேண்டும். நீங்கள் அண்ணன், ஒரே வீடு என்றால் நம்ப வைப்பது கஷ்டம். 'திருப்பிக் கொடுத்துவிடுகிறேன்' என்ற பேச்சையே இருவரும் எடுக்காதீர்கள், வாட்ஸ்அப்பில் நிச்சயமாக எடுக்காதீர்கள். தண்டனைக்கு முன்பே, வக்கீலிடம் சொல்லிவிட்டு, வெளி டீலரிடம் விற்றுப் பணமாக்கிக்கொள்வது நல்லது. ஃபெலனிக் குற்றச்சாட்டு பதிவான நிலையிலேயே புதிதாக எதுவும் வாங்கக் கூடாது என்பதையும் அவரிடம் சொல்லுங்கள்.

கேள்வி: எல்லாம் முடிந்து நீதிமன்ற உத்தரவும் வாங்கியாகிவிட்டது. ஆனால் கடையில் ஒவ்வொரு முறையும் 'டிலே' அல்லது 'டினைடு' என்றுதான் வருகிறது. என்ன செய்வது?

பதில்: கம்ப்யூட்டரில் உங்கள் பழைய தண்டனை இருக்கிறது, புதிய உத்தரவு இல்லை, அவ்வளவுதான். கடைக்காரரிடம் சண்டை போட்டுப் பயனில்லை, அவர் திரையில் காரணம் வராது. மறுப்புக்கான காரணத்தைக் கேட்டு மேல்முறையீடு செய்யலாம், உத்தரவின் சான்றிட்ட நகலைச் சேர்த்து அனுப்புங்கள். அதோடு எஃப்பிஐ-யின் வாலண்டரி அப்பீல் ஃபைலில் (வாங்கத் தகுதி உண்டு என்று காட்டும் ஆவணங்களை வைத்திருக்கும் பதிவு) பெயரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒப்புதல் ஆனால் ஒரு தனி எண் தருவார்கள், அடுத்த முறை 4473 படிவத்தில் அந்த எண்ணை எழுத ஓர் இடம் இருக்கிறது. வேறு மாநிலத்துக்குக் குடிபோவதாக இருந்தால் மட்டும் நில்லுங்கள், ஒரு மாநில நீதிமன்றம் தந்த உத்தரவைப் பக்கத்து மாநிலத்தின் சொந்தச் சட்டம் அப்படியே ஏற்கும் என்று சொல்ல முடியாது, லாரியில் சாமான் ஏற்றும் முன் அங்கே ஒரு வக்கீலிடம் கேட்டுவிடுங்கள்.